வாசகர் கேள்வி – பதில்: விட்டுப்போன வீடுகளின் கணக்கு

சென்ற இதழின் உயர்கல்விப் பக்கத்தில் எபிடெமியாலஜி படிப்பைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து நீலகிரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். செய்தித்தாள்கள் இத்துறையைத் ‘தொற்றுநோயியல்’ என்று எழுதுகின்றன. ஆனால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய், பாம்புக்கடி, சாலை விபத்து ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கும் என்பதால் ‘நோய்ப்பரவலியல்’ என்ற சொல்லையே நான் கையாள்கிறேன்.

கேள்வி: புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஓர் ஆய்வுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் களப்பணியாளராக இருக்கிறேன். வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்புவதுதான் வேலை. மருத்துவம் படிக்காத எனக்கு இத்துறையில் இடம் உண்டா? மலையை விட்டுப் போகாமலே இதைப் படிக்க முடியுமா?
– வாசகி, கூடலூர்

பதில்: இடம் உண்டு, அதில் ஐயமே வேண்டாம். நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது, ஏன் அவருக்கு வந்து இவருக்கு வரவில்லை என்று ஊர் அளவில் கேட்கும் துறை இது. இதற்கு மருத்துவர் எவ்வளவு தேவையோ அவ்வளவு புள்ளியியலாரும் செவிலியரும் சமூகவியலாரும் கால்நடை மருத்துவரும் தேவை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமே அப்படிப் பிறந்ததுதான். ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள மையத்தையும் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் 1999 இல் ஒன்றாக்கி அதை உருவாக்கினார்கள்.

படிவம் நிரப்புவதை நீங்கள் தாழ்வாக எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் முதல் கள ஆய்வு, மலைக் குடியிருப்புகளில் பெண்களின் இரத்தசோகையை அளப்பது. பட்டியலில் இருந்த மூன்று பதிகளுக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புகளுக்கு, பேருந்து இல்லை, அந்த வாரம் ஓடையிலும் வெள்ளம். எனவே அவற்றை விட்டுவிட்டுச் சாலையோர எஸ்டேட் லைன் வீடுகளில் அதே எண்ணிக்கையில் இரத்தம் எடுத்து வந்து, இலக்கு நிறைவேறியது என்று பெருமையுடன் அறிக்கை கொடுத்தேன். என் மேற்பார்வையாளர் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, “எடுத்த வீட்டின் கணக்கு இருக்கிறது, விட்டுப்போன வீட்டின் கணக்கு எங்கே?” என்று கேட்டார். மீண்டும் போனோம். அந்த மூன்று பதிகளையும் சேர்த்தபோது இரத்தசோகையின் விகிதம் ஏறிவிட்டது. சாலை போகாத இடத்தில்தான் நோய் கூடுதலாக இருந்தது, நான் கழித்துவிட்டதும் அதே இடத்தைத்தான்.

பள்ளியில் பின்னம் படித்திருப்பீர்கள், மேலே தொகுதி, கீழே பகுதி. நம் துறையில் தொகுதி என்பது நோயுற்றவர்கள், பகுதி என்பது அவர்கள் எந்த மக்களிடையே இருந்து வந்தார்களோ அந்த மொத்த மக்கள். மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொகுதி தானாக வந்து சேரும், ஏனெனில் நோயாளி அவரைத் தேடி வருகிறார். பகுதியோ ஒருபோதும் தானாக வராது. அதை ஹட்டி ஹட்டியாக, மந்து மந்தாக, பாடி பாடியாக, ஒவ்வொரு மலைக் குடியிருப்பாக நடந்துதான் சேர்க்க வேண்டும். ஒரு கட்டம் ஏன் காலியாக இருக்கிறது, ‘தெரியாது’ என்ற பதிலுக்குப் பின்னால் அச்சமா களைப்பா என்பதை இரண்டு ஆண்டுகளில் நீங்கள் கற்றிருப்பீர்கள். வகுப்பறையில் அமர்ந்து நூறு தரவுக்கோப்புகளைப் பார்த்தாலும் அது கிடைக்காது. எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாலும், பகுதியைத் தேடிப் போக அது கற்றுத்தருகிறதா என்று பாருங்கள். நான் ஒரு பாடத்திட்டத்தை எடைபோடுவது இந்த ஒரு கேள்வியால்தான்.

இனி வழிகள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்தி வருகிறது. மருத்துவர் அல்லாதோரும் அங்கே படித்து வெளிவந்திருக்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் புள்ளியியல் துறை உங்களைப் போன்றவர்களுக்கு நெருங்கிய உறவு. சென்னை நிறுவனத்திலும் எம்.பி.எச். உண்டு. தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், யாரோ சொன்னதை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே படியுங்கள். அதற்கு முன்பே, இந்த மாதமே தொடங்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது: சென்னை நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைப் பாடம். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழுக்கான தேர்வை எழுதினால் மட்டுமே கட்டணம். நேரே பிஎச்.டி.க்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கேள்வியை நீங்களே எழுப்பி, நீங்களே தரவு திரட்டி, நீங்களே எழுதி முடித்த ஒரு சிறிய ஆய்வாவது கையில் இருக்கும்போது பிஎச்.டி. தொடங்குபவர்கள்தான் நடுவழியில் திகைத்து நிற்பதில்லை.

மலையை விட்டுப் போகாமல் முடியுமா என்றால், முடியாது. இரண்டு ஆண்டுகளாவது கீழே இறங்கத்தான் வேண்டும். உடன் படிப்பவர்களோடு வாதாடாமல் இந்தத் துறை கைவராது. ஆனால் திரும்பி வருபவருக்கு இங்கே வேலை இல்லை என்று யாராவது சொன்னால் குன்னூரைச் சுட்டிக்காட்டுங்கள். பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918 இல் இராபர்ட் மெக்கேரிசன் தொடங்கிய, பெரிபெரி என்னும் ஊட்டக்குறை நோய் பற்றிய ஆய்வுதான் வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நாட்டின் ஊட்டச்சத்து ஆய்வு நாற்பது ஆண்டுகள் நம் மலையில்தான் குடியிருந்தது.

கேள்வி: எந்த மென்பொருளைக் கற்பது?
– மாணவர், உதகை

பதில்: ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். விலை இல்லை, இறுதிவரை உடன் வரும். களத்தில் தரவு திரட்ட ஓ.டி.கே. அல்லது கோபோ. இரண்டுமே சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும் என்பது நம் மலைக்கு மிகவும் தேவையான வசதி. ஆனால் மாதிரி அளவை முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நோய் 10 விழுக்காட்டினருக்கு இருக்கும் என்று எதிர்பார்த்து, 3 விழுக்காடு முன்பின் துல்லியத்தில் 95 விழுக்காடு நம்பகத்துடன் அளக்க 385 பேர் வேண்டும். அவர்களைத் தனித்தனியாக அல்லாமல் குடியிருப்புக் குடியிருப்பாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே குடியிருப்பில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், அந்த எண் ஏறத்தாழ இருமடங்காகிவிடும் என்று கொள்வது வழக்கம். ஏன் இருமடங்கு என்று விளக்கத் தெரிந்தவருக்கு எந்த மென்பொருளும் கைவரும்.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் பார்க்கிறேன். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தும் நேரமோ நிதியோ வழிகாட்டியோ இல்லை. என்னிடம் இருப்பது இரத்த அழுத்த நோயாளிகளின் பதிவேடு மட்டுமே. இதைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?
– மருத்துவர், குந்தா வட்டம்

பதில்: டாக்டர், அந்தப் பதிவேடே போதும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பதிவேட்டில் 640 பேர் இருக்கிறார்கள், இந்தக் காலாண்டில் வந்தவர்கள் 400 பேர், அவர்களில் 280 பேருக்கு அழுத்தம் 140/90 க்குக் கீழ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் 70 விழுக்காட்டினருக்கு நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று மாதாந்திரக் கூட்டத்தில் பாராட்டு கிடைக்கும். பதிவு செய்த அனைவரையும் கீழே வைத்தால் அது 44 விழுக்காடுதான். உங்கள் நிலையத்தின் எல்லைக்குள் அழுத்தம் உள்ளவர்கள் மொத்தம் 2000 பேர் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டால் அது 14 விழுக்காடாகிவிடும். மேலே இருக்கும் 280 மாறவே இல்லை, பகுதி மட்டுமே மாறியது. இந்த மூன்று எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதி, வராத 240 பேர் யார், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், கொழுந்து பறிக்கும் பருவத்தில்தான் வராமல் இருக்கிறார்களா என்று கேட்டீர்களானால், அதுவே ஓர் ஆய்வு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே போகிறது. அப்படிப் பெறுபவர்களை உங்கள் பதிவேடு ‘வந்தவர்’ என்று எழுதுகிறதா, ‘வராதவர்’ என்று எழுதுகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனையோ ஆய்வுகள் இத்தகைய ஒரு கட்டத்தில் சறுக்கியிருக்கின்றன.

வழிகாட்டிக்கு, 2022 சனவரி 12 அன்று திறக்கப்பட்ட நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையை அணுகலாம். ‘ஆராய்ச்சி செய்ய ஆசை’ என்று கேட்காமல், மேலே சொன்ன ஒரு பக்கக் கணக்கைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தரவைத் தொடுவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் துறை மேலதிகாரிகளின் அனுமதியையும் பெற வேண்டும். ஏற்கெனவே உள்ள பதிவேடுதானே என்று பலர் இதைத் தவிர்த்துவிட்டு, கட்டுரை அனுப்பும் நேரத்தில் திகைத்து நிற்கிறார்கள். எழுதும்போது 2007 இல் வெளியான ஸ்ட்ரோப் என்னும், இத்தகைய ஆய்வுக் கட்டுரைகளுக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், விடுபட்டவர்கள் எத்தனை பேர், ஏன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அது உங்களைக் கேட்கும்.

முழுநேரமாக இத்துறைக்கு வர மனம் இருந்தால், 2012 இல் தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தொடங்கிய இ.ஐ.எஸ். (எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ்) என்னும் இரண்டாண்டுப் பயிற்சியைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1951 இல் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய பயிற்சியின் வழியில் அமைந்தது அது. பயிலுநர் வகுப்பில் இருக்கும் நேரம் குறைவு, நோய் வெடித்த ஊரில் இருக்கும் நேரமே மிகுதி. அதே முறையில் மூன்று மாதப் பயிற்சிகளும் ஓராண்டுக்கு உட்பட்ட இடைநிலைப் பயிற்சிகளும் பல நாடுகளில் இருக்கின்றன. பணியை விடாமலே கற்க ஏற்றவை அவை. நம் எல்லையில் இதன் தேவையை எண்ணிப் பாருங்கள். 1957 இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல், உண்ணிகளால் பரவி, பின்னர் பண்டிப்பூரிலும் வயநாட்டிலும் தென்பட்டது. காட்டில் குரங்குகள் இறந்து கிடப்பதே அதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். வனக் காவலர், கால்நடை மருத்துவர், நீங்கள் ஆகிய மூவரும் ஒருவர் கைப்பேசி எண்ணை ஒருவர் வைத்திருக்கிறீர்களா என்பதும் நோய்ப்பரவலியலின் ஒரு பகுதிதான்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மாதக்கணக்கில் நான் திரட்டிய தரவைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரையில் என் பெயர் நான்காவதாக வந்திருக்கிறது. தரவையே பார்க்காத ஒருவரின் பெயர் எனக்கு முன்னால் இருக்கிறது. கேட்டால் நெறியாளர் மனம் புண்படுவார். கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: கேட்கலாம், கேட்க வேண்டும், ஆனால் குற்றச்சாட்டாகக் கேட்க வேண்டாம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையாசிரியராகப் பெயர் பெறுவதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு வேண்டும்; கட்டுரையை எழுதியிருக்கவோ அறிவார்ந்து திருத்தியிருக்கவோ வேண்டும்; இறுதி வடிவத்துக்கு இசைவு தந்திருக்க வேண்டும்; அதன் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்பதல்ல, நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். இதில் உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தரவு திரட்டியதோடு நின்றீர்களா, அல்லது வரைவில் கைவைத்தீர்களா? வெறும் தரவு திரட்டல் நன்றியுரைக்குத்தான் இடம் தரும் என்பதை நெறியாளர் சுட்டிக்காட்டினால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

வெளிவந்துவிட்ட கட்டுரைக்காகப் போராடி ஆண்டை இழப்பதை விட, அடுத்த கட்டுரையின் முதல் நாளிலேயே, யார் எதை எழுதுவது, யார் பெயர் எங்கே என்று அரைப்பக்கத்தில் எழுதி, “ஐயா, இது சரிதானா என்று பார்த்துத் தாருங்கள்” என்று நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நல்ல நெறியாளர் மகிழ்வார். மறுமொழியே தராதவரிடம் இன்னும் மூன்று ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதும் உங்களுக்கு அன்றே தெரிந்துவிடும். அப்படியானால் ஆய்வுக் குழுவின் மற்றோர் உறுப்பினரை இரண்டாம் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்கு ஒருவர் கையெழுத்திடுவார், உங்கள் வரைவை வரிவரியாகப் படித்துத் திருத்துபவர் வேறொருவராக இருக்கலாம். இளம் ஆய்வாளரை உருவாக்குபவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர்தான்.

வெளியூரில், வெளிநாட்டில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்களா என்றும் கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். பன்னாட்டு நோய்ப்பரவலியல் சங்கம் 1954 இல் தொடங்கியபோது அது சங்கமாகவே இல்லை. ஜான் பெம்பர்டனும் ஹரோல்ட் வில்லர்டும் உருவாக்கிய கடிதப் பரிமாற்றக் குழுவாகத்தான் இருந்தது. தொலைவில் இருப்பவர்கள் ஒருவர் ஆய்வை ஒருவர் அறிந்துகொள்ளவே அது பிறந்தது. அந்தச் சங்கத்தில் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கென்று இன்று தனி அணி உண்டு. ஆனால் ‘என்னை வழிநடத்துங்கள்’ என்று எழுதாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எழுந்த ஒரே ஓர் ஐயத்தை ஐந்து வரியில் கேளுங்கள். பதில் வரும்.

கேள்வி: என் மகள் எம்.பி.எச். முடித்து மூன்றாவது ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறாள். ஒவ்வொன்றும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. நிரந்தர வேலை எப்போது என்று உறவினர் கேட்கிறார்கள். இந்தத் துறையில் எதிர்காலம் இருக்கிறதா?
– தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: ஐயா, உங்கள் கவலை நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். இத்துறையில் தொடக்க ஆண்டுகளின் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகளே. நாடு முழுவதும் நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 இல் தொடங்கியபின் மாவட்டந்தோறும் நோய்ப்பரவலியலாளர் பணியிடம் ஏற்பட்டது. அதுவும் பல இடங்களில் ஒப்பந்தமாகவே தொடர்கிறது. இது இளைஞர்களின் குறை அன்று. கொள்ளைநோய் வரும்போது மட்டும் இவர்களைத் தேடும் நிர்வாகத்தின் குறை என்றே நான் கருதுகிறேன்.

அதே வேளையில், மூன்று திட்டங்களில் மகள் என்ன சேர்த்தாள் என்று கேளுங்கள். முதல் பெயராக ஒரு கட்டுரை, ஒரு பகுப்பாய்வைத் தானே முடிக்கும் திறன், பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய இரண்டு மூத்தவர்கள் ஆகியவை இருந்தால் அவள் சரியான பாதையில் இருக்கிறாள். 2008 இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டு ஊக்கநிதி தருகின்றன. அதற்குப் போட்டி கடுமை, ஆனால் முதல் முறையே கிடைக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவது திட்டத்திலும் முதல் திட்டத்தில் செய்த அதே வேலையைத்தான் செய்கிறாள் என்றால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், சம்பளத்தோடு, பகுப்பாய்வில் எனக்கு என்ன பங்கு என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரிவாள் செல் இரத்தசோகை பற்றிய ஆய்வுக்காகப் பழங்குடி ஊர்களுக்குச் செல்கிறேன். “எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள், போன முறை எடுத்ததற்கே முடிவு சொல்லவில்லை” என்று ஒரு மூதாட்டி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று ஊசியைத் தொடாமல் திரும்பிவிட்டேன். நான் செய்தது சரியா?
– இளம் ஆய்வாளர், பந்தலூர்

பதில்: சரியாகவே செய்தீர்கள். உங்களைப் போன்ற ஒருவர் இத்துறைக்கு வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பரம்பரையாக வரும் குருதிக் குறைபாடான அரிவாள் செல் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே நம் மலைகளில்தான். லேமனும் கட்புஷ்ஷும் 1952 இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே அதைக் கண்டு வெளியிட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மக்கள் ஆய்வுக்குக் குருதி தந்து வருகிறார்கள். 2023 சூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கம் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்திருக்கிறது. ஆகவே இன்னும் பலர் அந்த மூதாட்டியின் வாசலுக்கு வருவார்கள். அவர் கேட்டது விட்டுப்போன வீட்டின் கணக்கைப் போன்ற கேள்விதான்: எடுத்த குருதியின் கணக்கு உங்களிடம் இருக்கிறது, கொடுத்த முடிவின் கணக்கு எங்கே?

இதற்கான திறனும் பயிற்சிக்கு உரியதே. எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்குப் போதிய நேரம் ஒதுக்கப்படவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. முடிவைச் சொல்வதென்றால் தாளைக் கொடுப்பதல்ல. ‘கேரியர்’ என்று எழுதிய அட்டையை வாங்கிய பெண், தனக்கு நோய் இருப்பதாக எண்ணி ஆண்டுக்கணக்கில் அஞ்சுவார். ‘நீங்கள் கடத்தி மட்டுமே, அதாவது நோயின் மரபணுவைச் சுமப்பவர்; உங்களுக்கு நோய் இல்லை. கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேறிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரலாம்’ என்பதை, அவருடைய மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் இருக்க, அவசரமின்றிச் சொல்ல வேண்டும். அதையும் ஊர் நடுவில் அல்ல, தனியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் நாம் தரும் அட்டை ஒரு பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகிவிடும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது இது. உங்கள் திட்டத் தலைவரிடம் சென்று, ஆய்வுத் திட்ட ஆவணத்தில் முடிவைத் திரும்பத் தருவதற்கு என்ன நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, அதற்கு எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒதுக்கப்படவில்லை என்றால், திருத்தம் எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முன்பு இரத்தம் எடுத்தவர்கள் யார் என்பதை அந்த ஊரின் ஆஷா பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ விசாரித்து, பழைய முடிவுகள் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தவர்களுக்கு மீண்டும் குத்தவே தேவையில்லை, ஏனென்றால் பிறப்பிலிருந்து மாறாத ஒன்றை மறுபடி மறுபடி சோதிப்பதில் பயன் இல்லை. அந்த மூதாட்டியிடம் அடுத்த முறை போகும்போது ஊசிப்பெட்டியைக் கொண்டு போகாதீர்கள். அவருடைய பழைய முடிவைக் கொண்டு போங்கள். அது கிடைக்கவில்லை என்றால், தேடினோம், கிடைக்கவில்லை என்ற செய்தியையாவது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.